பதினேழாம் நம்பர் சீரம்

உமாசங்கர் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் கவரை வெட்டி ஒரு தம்ளர் சாயா போட்டு நின்றுகொண்டே குடித்தான். குளித்து, நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினான். மனைவி திவ்யலட்சுமி எலிக்காய்ச்சலில் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. காலை வேலைகளுக்கு இப்போது அரை மணி நேரம் போதும்.

ஆய்வகத்தில் கூட வேலைசெய்யும் ரெம்யா முந்தியே வந்திருந்தாள். பாறசாலைக்காரி, வாய் ஓயாதவள். எலிக்காய்ச்சல் கிருமியின் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் புது ஆன்டிபாடி ஒன்றை அவர்கள் தயாரித்திருந்தார்கள். ஃப்ரீசரில் கிடந்த பழைய காய்ச்சல்காரர்கள் நாற்பது பேரின் சீரத்தில், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில், அதைச் சோதிக்க வேண்டும். குப்பிகளில் நம்பர் மட்டும். பெயர்ப்பட்டியல் பேராசிரியரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஆள் தெரிந்தால் கண் ஏமாற்றும். தெரிந்த சாம்பிள் வந்தால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

பதினேழு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். மூடியில் எழுதியவனே அவன்தான்.

"இதுல தெரிஞ்ச ஆள் வல்லதும் உண்டா அண்ணா?" என்றாள் ரெம்யா.

"இல்ல."

"அப்ப நாப்பதும் உங்க தலையில. ஆன்டிபாடியப் பாத்து ஊத்துங்க, கேட்டோ. கல்யாண வீட்டு ரசம் மாதிரி தண்ணி விட்டு நீட்டிராதீங்க."

காய்ச்சலின் இரண்டாம் நாள் திவ்யலட்சுமியின் ரத்தத்தை இங்கேதான் கொண்டுவந்தான். அட்டைச் சோதனையை அவனே செய்தான். கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் அந்த அட்டை காட்டும். அது உண்டாக ஐந்தாறு நாள் பிடிக்கும். எத்தனையோ மாணவர்களுக்கு இதைப் பாடமாகச் சொன்னவன். ஆனாலும் அட்டையில் ஒற்றைக் கோட்டைப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போன் செய்து ஒன்றுமில்லை என்றான். மூன்று நாள் வெறும் பாராசிட்டமால்.

புது ஆன்டிபாடி கிருமியின் புரதத்தையே பிடிக்கும். பதினேழில் பிடித்தால், அன்றே கிருமி ரத்தத்தில் இருந்திருக்கிறது, அவன்தான் கோட்டைவிட்டான். பிடிக்காவிட்டால், அன்று யாராலும் கண்டிருக்க முடியாது. அவனுக்கு இது தெரிய வேண்டியிருந்தது.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, நாற்பது சீரத்தின் புரதங்களையும் ஏற்றிய சவ்வுத் தாளைப் பால்பொடிக் கரைசலில் ஊறப்போட்டான். கழுவினான். ஆன்டிபாடியை ஊற்றிக் காத்திருந்தான். மறுபடி கழுவினான். மூன்றரைக்குத் திரையில் படம் விழுந்தது. பதினேழில் தடித்த கறுப்புப் பட்டை.

"அம்மோ, என்னா பேண்டு! இது எத்தனாம் நாள் சாம்பிளோ?"

"ரெண்டாம் நாள்."

ரெம்யா திரும்பிப் பார்த்தாள். நாள் விவரமும் அந்தப் பூட்டிய பட்டியலில்தான் இருந்தது.

"அண்ணா..."

"நாப்பதையும் நாளைக்கு நீ திரும்பச் செய்யி. நான் செஞ்சது செல்லாது."

நோட்டில் அன்றைய பக்கத்தைக் குறுக்கே அடித்தான். காரணம் எழுத வேண்டிய இடத்தில், '17 என் மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஐந்தாம் நாள் ஐ.சி.யு.வில் தொண்டைக்குள் குழாய் இறக்கும் முன் அவள் ஏதாவது சொன்னாளா என்று மாமியார் பலமுறை கேட்டிருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை என்றே சொல்லிவந்தான். சொல்லியிருந்தாள்.

"டெஸ்ட்டுல ஒண்ணுமில்லேன்னு நீங்கதானே சொன்னிய, பின்ன எதுக்கு இத்தன வயர ஒட்டுதாவ?"