மூன்று நாள் ரிலீஃப்

1

பாலகிருஷ்ணன் முதலில் என்னைத்தான் கேட்டார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். கதையில் லாசரஸ் என்று ஓர் ஆளை உண்டாக்க வேண்டி வந்தது அதனால்தான்.

விவரம் பெரிதாக ஒன்றுமில்லை. சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் எங்கள் இருவருக்கும் இரவு ஷிஃப்ட். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் போன வருஷம் பாதி ஷிஃப்டில் பாதுகாப்புச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன். அவர் மனைவி பாக்கியலட்சுமிக்கு வயிற்றில் கட்டி. நல்லதா கெட்டதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் தொண்டூழியர்கள் மூன்று நாள் தங்கி அன்னதானத்துக்குச் சமைப்பார்கள். அந்த முகாமில் புருஷன் மூன்று நாளும் வேலை செய்வார் என்று பாக்கியலட்சுமி வேண்டிக்கொண்டார். பாலகிருஷ்ணனும் தலையாட்டினார். பிறகு மருத்துவமனை அறுவைச் சிகிச்சையை முன்னுக்குக் கொண்டுவந்தது. முகாமின் மூன்றாம் நாள், காலையில்.

"நான் அங்க இருக்கிறதா, இங்க இருக்கிறதா? நீ ஒரு மூணு நாள் எனக்கு ரிலீஃப் பண்ணேன். என் பேர்லயே போ" என்றார் ஃபோனில்.

"வேண்டுதலுக்கெல்லாம் ரிலீஃப் கிடையாதுண்ணே."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சரி லா, பரவால்ல" என்று வைத்துவிட்டார்.

நான் வேலைக்குப் போகாத இரவுகளில் என் இடத்தில் நின்றவர் அவர். அப்போதெல்லாம் அவர் என்னிடம் ஒரு கேள்வி கூட— (வேண்டாம். இது என்னைப் பற்றிய கதை இல்லை.)

2

தொடக்கம் ஒன்று: "மண்டபத்தில் மலைபோல் குவிந்த பூசணிக்காய்கள் அவருக்காகக் காத்திருந்தன." பூசணிக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "லாசரஸ் கழுத்துச் சிலுவையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோபுரத்தை அண்ணாந்து—" சினிமா. அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று:

"பாலகிருஷ்ணன்!"

"வந்திருக்கேன்" என்றார் லாசரஸ்.

இது இருக்கட்டும். பெயரைக் கூப்பிட்டவர் கதிரேசன். மற்ற நாள்களில் பஸ் ஓட்டுகிறார், முகாமில் சமையல் பொறுப்பு. பாலகிருஷ்ணன் என்று எழுதிய பெயர் அட்டையை நீட்டினார். லாசரஸ் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.*

* ஏன் கத்தோலிக்கர் என்று கேட்பீர்கள். இந்துவாக இருந்தால் கதை ஒரே வரியில் முடிந்துவிடும்: போனார், காய் நறுக்கினார், வந்தார். தவிர, எங்கள் கிடங்கில் லாசரஸ் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பொங்கோலில் வீடு. பெயரையும் ஃபோர்க்லிஃப்டையும் வீட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை.

3

லாசரஸுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. மனைவி பிரிஜட், "ஃபாதர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டபோது, "பூசணிக்காய் வெட்டத்தானே போறேன், பூசாரியாவா போறேன்?" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். கேட்டது பாலா. ஷிஃப்ட் என்றால் ஷிஃப்ட். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

மண்டபத்தில் பாய்க்குப் பாய் இடைவெளி ஒரு முழம். குளியலறை இரண்டு. விடிவதற்குள் வரிசை வாசல் வரை நிற்கும். உள்ளே போனவர் வெளியே வரத் தாமதமானால் வாளியால் கதவைத் தட்டுவார்கள். "உள்ள என்ன அபிஷேகமா நடக்குது?" பிறகு வெட்டு. நாற்பது பேர் தரையில் உட்கார்ந்து கேரட், பீன்ஸ், பூசணி. லாசரஸ் வெட்டிய துண்டுகள் அளவெடுத்தது போல இருந்தன.

"யோவ் பாலா, சாம்பாருக்கு வெட்டுறியா, நகைக் கடைக்கா?" என்றார் கதிரேசன். "சீக்கிரம் யா."

சீக்கிரம் வராது. கிடங்கில் பெட்டி விழுந்தால் விழுந்ததுதான், சூப்பர்வைசர் கத்துவான், முடிந்தது. இங்கே முதல் நாள் மத்தியானமே பாலகிருஷ்ணனிடமிருந்து செய்தி வந்திருந்தது: "அவளுக்கு விஷயம் தெரியும். லாசரஸ் ஒழுங்கா செய்றாரான்னு கேக்குறா."

அதைப் படித்ததிலிருந்து அவரால் உட்கார முடியவில்லை. அந்த அம்மா நம்புகிறார். இவர் நம்பவில்லை. ஆனால் நாளை மறுநாள் ஏதாவது ஆகிவிட்டால் அந்த அம்மா யாரை நினைப்பார்? பூசணிக்காயை ஒழுங்காக வெட்டாத லாசரஸைத்தான்.

இரண்டாம் நாள் காலை லாசரஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். சிராங்கூன் ரோடு பஸ் நிறுத்தம். இந்த இடத்தை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் பஸ் வந்தது, ஏறினார், பொங்கோலில் இறங்கினார், பிரிஜட் கதவைத் திறந்தார், கதை செத்தது. பாதியில் எழுந்து போகிற ஆளை எழுத எனக்குக் கஷ்டமே இல்லை. திரும்பி வருகிற ஆளை எழுதத்தான் வரவில்லை. நான்காம் தடவை காரணம் எதுவும் தராமல் எழுதினேன்: பஸ் வந்தது. லாசரஸ் ஏறவில்லை. போய்க் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

4

"பாலா அண்ணே, அந்தத் தட்டு." லாசரஸ் வெட்டிக்கொண்டிருந்தார். "பாலா அண்ணே!" நிமிரவே இல்லை.

கூப்பிட்டவர் நிரஞ்சனா. தொடக்கப்பள்ளி ஆசிரியை. வகுப்பில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடிக்கிறவர். கத்தியைக் கீழே வைத்தார்.

"உங்க பேரு பாலகிருஷ்ணன் இல்லதானே?"

லாசரஸ் சொல்லிவிட்டார். முழுவதும். நிரஞ்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "வேண்டுதலுக்கு கவரிங் டியூட்டியா! டாக்டர்கிட்ட எம்சி எடுத்திருந்தா சாமி ஒத்துக்காதாண்ணே?" பிறகு கட்டி, ஆப்பரேஷன் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. அவரே போய்க் கதிரேசனிடம் சொன்னார்.

கதிரேசன் வந்தார். பெயர் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், வெட்டி வைத்த பூசணியைப் பார்த்தார்.

"முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? ரெண்டு நாளா பாலா பாலான்னு நாய் மாதிரி கத்துறேன்."

"துரத்திடுவீங்கன்னு நெனச்சேன்."

"இருக்கிறதே நாப்பது பேரு. உன்னத் துரத்திட்டு பாத்திரத்த உங்க சர்ச் ஃபாதரா வந்து கழுவுவாரு? உக்காருயா." இரண்டடி போய்த் திரும்பினார். "நாளைக்குத் தொண்டூழியர் அர்ச்சனை இருக்கு. அந்தம்மா பேருக்கு ஒரு தட்டு வாங்கிடு. அதோடதான் வேண்டுதல் முடியுது."

(இந்த இடத்தில் கதிரேசன் மத நல்லிணக்கம் பற்றி ஒரு பத்தி பேசினார். சமூக மன்ற விழாவில் பேசுவது போல இருந்தது. வெட்டிவிட்டேன்.)

5

மூன்றாம் நாள், காலை பத்து மணி. பாக்கியலட்சுமி அறுவைக் கூடத்துக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சந்நிதி முன் வரிசை. லாசரஸ் கையில் தட்டு: தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பூ. முன்னால் இருந்தவர்கள் பெயர் சொன்னார்கள், இன்னொன்றும் சொன்னார்கள். அது என்னவென்று அவர் காது கொடுக்கவில்லை.

"பேரு?" என்றார் குருக்கள்.

"பாக்கியலட்சுமி."

"நட்சத்திரம்?"

லாசரஸ் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"ஐயோ அண்ணே" என்றார் பின்னால் நின்ற நிரஞ்சனா. "உங்களுக்குத் தெரிஞ்ச நட்சத்திரம் டிசம்பர்ல வாசல்ல தொங்குறது ஒண்ணுதானே!"

வரிசையில் சிரிப்பு. லாசரஸும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

"தெரியலேன்னா சுவாமி பேருக்குப் பண்ணிடலாம்" என்றார் குருக்கள். "நிறையப் பேர் அப்படித்தான் பண்றா."

"இல்ல சாமி. அவங்க பேருக்குத்தான் பண்ணணும்."

"அப்ப நட்சத்திரம் சொல்லுங்கோ. பின்னால பாருங்கோ எவ்வளவு பேர்."

6

முடிவுகள்.

அ. சுவாமி பெயருக்கே ஆகிறது. எல்லாரும் செய்வதுதான், தவறில்லை. பாக்கியலட்சுமி கண் விழிக்கிறார். லாசரஸ் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார். இந்த முடிவு எனக்கு ரொம்ப வசதி. அதனாலேயே நம்பவில்லை.

ஆ. லாசரஸ் காதில் விழுந்த ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார். ரோகிணி. அர்ச்சனை நடக்கிறது. செய்தி நல்லதாக வரவில்லை. மீதி வாழ்நாள் முழுக்க அவர் பஸ்ஸில் உட்கார்ந்து ரோகிணி, ரோகிணி என்று— இல்லை. நான் செய்ததற்கு அந்த ஆளை ஏன் தண்டிக்க வேண்டும்?

இ. லாசரஸ் ஃபோன் பண்ணுகிறார். பாலகிருஷ்ணன் எடுக்கிறார். "நட்சத்திரமா? அவளுக்கு வந்து... இரு, டாக்டர் இப்பதான் வெளிய வர்றாரு—"

இதுதான் சரியான முடிவு. ஆனால் அடுத்த வரி என்னால் எழுத முடியவில்லை. பாக்கியலட்சுமியின் நட்சத்திரம் எனக்கும் தெரியாது. அவர் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை இரண்டு வருஷம் பாலகிருஷ்ணனோடு பங்கு போட்டுத் தின்றிருக்கிறேன். நட்சத்திரம் தெரியாது.

மொத்தம் இருபத்தேழு. நான் ஒன்றை எடுத்து எழுதினால் எந்த வாசகர் வந்து கேட்கப் போகிறார்? எழுதிப் பார்த்தேன். லாசரஸ் தட்டைக் குருக்களிடம் நீட்டவில்லை. மூன்று நாளாக இன்னொருவர் வேண்டுதலில் ஒரு துண்டு கோணலாகிவிடக் கூடாது என்று பயந்தவர், நான் குருட்டாம்போக்கில் எடுத்ததை எப்படிச் சொல்வார்?

தைப்பூசம் முடிந்து இருபது நாள் ஆகிறது. மண்டபத்துக்குப் பாலகிருஷ்ணனுக்குப் பதில் யாராவது போனார்களா, தெரியாது. அறுவைக் கூடத்திலிருந்து வெளியே வந்த டாக்டர் என்ன சொன்னார், தெரியாது. அவர் எனக்கு ஃபோன் பண்ணவில்லை. நான் அவருக்குப் பண்ணவில்லை. நட்சத்திரத்தைக் கேட்டால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும். இருபது நாளாகக் கதை எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதைத் தவிர வேறொன்றும் இல்லை.

7

ஃபோனை எடுத்தால் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தவை:

"அண்ணே, நான்தான். ஒரு கதைக்காக—" அடித்துவிட்டேன்.

"அண்ணே, அக்கா எப்படி—" எப்படி என்பதற்கு மேல் போகவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் வந்திருக்கணும்."

இதை அடிக்கவில்லை.

இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதியவர் நழுவிவிடுவது வழக்கம். முடிவு உங்களுக்கு வேண்டாம். லாசரஸ் இன்னும் சந்நிதி முன்னால்தான் நிற்கிறார், அவருக்குக் கை கடுக்கிறது. நீங்கள் அந்தத் தட்டைக் கொஞ்சம் வாங்கிப் பிடியுங்கள். தேங்காய் உருளும், கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். குருக்கள் திரும்பவும் கேட்பார். எதையும் சொல்லிவிடாதீர்கள்.

பாலகிருஷ்ணன் ஃபோனுக்கு மணி போகிறது.