நூற்றிருபத்தெட்டு தப்படி

வேங்கிக்காலில் எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆதிமூலம் வீடு. அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடும் வழக்கம் எனக்கில்லை. சுவரோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் மட்டும் உண்டு. செடி மூன்றுதான். அன்று அரைமணி நேரம் ஊற்றினேன்.

ஆதிமூலத்தின் மனைவி அருணாதேவி பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். நாற்பது பிள்ளைகள், மொட்டை மாடி, தகரக் கூரை. மழை பெய்தால் அவள் சொல்வது அவளுக்கே கேட்காது. எல்லோரும் கரும்பலகையைச் சுற்றி உட்காருகிற மாதிரி அகலமாக ஒரு கூடம் வேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிவந்தாள். மாமனார் விட்டுப்போன இரண்டு மனைகளில் ஒன்று கைக்கு வந்தால் கட்டிவிடலாம்.

வந்தது. ஒரு மனை அறுபதுக்கு அறுபது. இன்னொன்று பதினைந்தடி அகலம், நூற்றுநாற்பத்தைந்தடி நீளம். "நீ பெரியவன், நீயே பாத்து எடுத்துக்கண்ணா" என்று தம்பி அன்பரசன் பவ்யமாகச் சொன்னானாம். ஆதிமூலம் பார்க்கவில்லை, நடந்தார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். எதையும் ஒரு சுற்று வந்தால்தான் அதன் அளவு அவருக்குப் பிடிபடும். சதுர மனை தொண்ணூற்றாறு தப்படியில் முடிந்தது. நீள மனை நூற்றிருபத்தெட்டு. தம்பி மனசு மாறுவதற்குள் பத்திரத்தை முடித்துவிட்டு, மைசூர்பாகு பெட்டியோடுதான் வீட்டுக்கே வந்தார்.

அருணாதேவி கத்தவில்லை. பெட்டியில் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, இரண்டு முனையையும் சேர்த்து முடிந்து, வாசல் திண்ணையில் போட்டாள்.

"ஏங்க, இதை நீளமா இழுத்துப் போட்டா உள்ள ஒரு துண்டாவது வெக்க முடியுதா பாருங்க. இப்போ வட்டமா வெக்கிறேன். எட்டு துண்டு. அதே நூலு தான?"

"நூலு வேற, நெலம் வேற. நம்ம மலை பதினாலு கிலோமீட்டர் சுத்து. அதனாலதான பெரிய மலை."

"மலை உருண்டையா கீது. நீங்க வாங்கினது ஊதுவத்தி. ஒங்க தம்பிக்கு மூவாயிரத்து அறுநூறு சதுரடி, நமக்கு ரெண்டாயிரத்து நூத்தியெழுபத்தஞ்சு, ஒரு கிரவுண்டுகூட இல்ல."

ஆதிமூலம் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "சரி, ஒன் வட்டத்துக்கு சுத்தளவு எப்டி போடுவ?"

"விட்டத்தை இருபத்திரண்டின் கீழ் ஏழால பெருக்கணும்."

"அது கரெக்டா வருமா?"

"கிட்டத்தட்ட வரும்."

"பாத்தியா. ஒங்க கணக்கே இன்னும் முடியல, என் காலை குத்தம் சொல்ற."

அங்கேதான் அவள் குரல் உயர்ந்தது. எனக்கும் வாளியைக் கீழே வைக்க முடிந்தது.

"கிரேக்கத்துல ஆர்க்கிமிடீஸ்னு ஒருத்தரு, வட்டத்துக்கு உள்ளயும் வெளியவும் தொண்ணூத்தாறு பக்கத்துல பலகோணம் போட்டு நெருக்கிப் பாத்தாரு. ஆரியபட்டர் நாலு தசமம் சரியா கண்டுபிடிச்சுட்டு, அப்பவும் கிட்டத்தட்டனுதான் சொன்னாரு. கேரளத்துல மாதவர் இன்னும் கிட்ட போனாரு. ரெண்டாயிரம் வருஷமா பொறுமையா ஒக்காந்து பாத்திருக்காங்க. ஒங்களால எனக்கு ஒரு போன் போடுற வரைக்கும் பொறுக்க முடியல."

மறுநாள் கொழுந்தன் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறாள். "பத்திரம் ஆயிடுச்சே அண்ணி" என்று வருத்தமாகச் சொல்லி, அவன் காபி கொடுத்து அனுப்பினான். காபி நன்றாக இருந்ததாம்.

கூடம் கட்டியாயிற்று. இருபக்கமும் இடம் விட்டதுபோக ஒன்பதடி அகலம். வரிசைக்கு இரண்டு பேர், இருபது வரிசை. என் சாயங்கால வாக்கிங் அந்தத் தெருவழியாகத்தான். முன்பெல்லாம் எனக்கு வாக்கிங் கிடையாது. நேற்று எட்டிப் பார்த்தேன். பலகையில் ஒரு கணக்கை எழுதினாள். "மிஸ், தெரியல" என்று கடைசியிலிருந்து ஒரு குரல். சாக்பீஸோடு அந்தக் கோடிவரை நடந்து, அதே கணக்கை வாயால் சொல்லிவிட்டு, அடுத்த வரியை எழுதத் திரும்பி வந்தாள். "மிஸ், தெரியல." மறுபடி நடந்தாள்.

வாசலில் நின்ற ஆதிமூலம் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"கூடத்தை மட்டும் சுத்தி வந்தாலே எழுபத்தோரு தப்படிங்க."