சுமை இல்லாமல் ஓடக் கூடாது

மேட்டு வீட்டுக்காரி தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நடக்கத் தொடங்கி வெகுநாள் கழித்துத்தான் கீழே இருந்த பதினொரு வீடுகளும் அவளிடம் காரணம் கேட்டன. அதுவரை விஷயம் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. 'அவளுக்கு இப்போதெல்லாம் கால் தரையில் பாவுவதில்லை' என்று பேச்சு இருந்தது. மெஷின் அவள் வீட்டுக்குப் பின்னால் இருப்பதால் வந்த திமிர் என்று நினைத்துவிட்டார்கள். மேடேறிப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் போகவில்லை.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர்க் குடம் பருமனில் ஓர் இரும்பு உருண்டை, உள்ளே ஒரு சக்கரம். ஃபிட்டர் அதை முதுகில் கட்டிக்கொண்டு, ரோடு முடிகிற இடத்திலிருந்து ஆறு மணி நேரம் நடந்து வந்து, ஓடை விழுகிற இடத்தில் இறக்கினார். தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றியது, கரண்டு வந்து வீட்டுக்கு இரண்டு பல்பு எரிந்தது. புறப்படும்போது அவளிடம் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னார். "சாயங்காலம் எல்லார் வீட்லயும் லைட்டு எரியும், பிரச்சினை இல்ல. பகல்ல அணைச்சிட்டு வேலைக்குப் போயிடுவாங்க. சுமை இல்லாம ஓடுனா வெறி பிடிச்ச மாதிரி சுத்தி வெடிச்சிடும்மா. ஏதாவது சுமை குடுத்துக்கிட்டே இருங்க."

"எந்தச் சுமைன்னாலும் பரவால்லயா?"

"எதுவா இருந்தாலும் சரி." ஃபிட்டர் மனதில் இருந்தது ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி. அவளிடம் அதெல்லாம் கிடையாது.

மறுநாள் காலை பதினொரு வீட்டாரும் விளக்கை அணைத்துவிட்டுக் கல்லுடைக்கப் போனார்கள். மெஷின் அலறியது. அவள் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து, மாமியார் முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரு சொல்லை அதனிடம் சொன்னாள். அலறல் தணிந்து சீராக ஓடியது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தங்கை தன் கல்யாணத்துக்கு அழைக்காதது, புருஷன் கடைசி ஆறு மாதம் படுக்கையில் பட்ட பாடு என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். கேட்க ஆளில்லாமல் சேர்ந்தவை, கையிருப்புக்குக் குறைவில்லை. கொடுத்தது எதுவும் திரும்ப ஞாபகத்துக்கு வரவில்லை. மனசு லேசாக லேசாக உடம்பும் லேசானது, ஒரு நாள் பாதம் கிளம்பிவிட்டது. காற்றடித்தால் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நடந்தாள். கீழே பல்பு வெளிச்சத்தில் எல்லோரும் காரணமில்லாமல் அழுதார்கள். கல்யாணமே ஆகாத தச்சர், மாமியார் சொன்னதைத் தாங்க முடியாமல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பல்பு கண்ணுக்குச் சேரவில்லை என்று முடிவு கட்டினார்கள்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், பையோடு வாசலில் நின்ற மகனிடம், "போறதுன்னா போ. திரும்பி வந்து என் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லியிருந்தாள். அவன் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. அதை மட்டும் அவள் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் முகமும் போய்விடும். அந்த வீட்டில் அவளோடு இருந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் வருஷ மழையில் ஓடை இரண்டு மடங்காகி, மெஷின் ஊரே கேட்கும்படி அலறியது. தச்சரின் அண்ணன் வீட்டில் மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையைப் பல்புச் சூட்டில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜன்னல் கண் கூசுகிற வெள்ளையாவதை அவள் மேலிருந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போனால் பல்பு வெடிக்கும். பாறையில் உட்கார்ந்து மகனின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். விடைத்த காதுகள், நெற்றித் தழும்பு. பிறகு வாய் திறந்து சொன்னாள். மெஷின் அடங்கியது. அவள் ஒரு முழம் மேலே போனாள்.

அன்று சாயங்காலம் பதினொரு வீட்டிலும் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு அதிகமாக வைத்தார்கள். கதவைத் தாழ்போட யாருக்கும் மனசு வரவில்லை. காலையில் ஒருவருக்கொருவர் விசாரித்துவிட்டு, கம்பி போன வழியே மேடேறினார்கள். அவள் நிலைக்கதவைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "சுமையெல்லாம் மெஷினுக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

"உங்க பையன் எப்ப வர்றான்?" என்று தச்சர் கேட்டார்.

"எனக்குப் பையன் இருக்கானா?"

குழந்தையின் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கான்க்கா. நெத்தியில தழும்பு. வந்தா நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

கோடையில் ஃபிட்டர் வந்து, "நான் சொன்ன சுமை வேறம்மா" என்று தலையில் கைவைத்துக்கொண்டு, ஒரு ஹீட்டரை மாட்டிவிட்டுப் போனார். பகலில் இப்போது அதுதான் சுமை. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீருக்குப் பஞ்சமில்லை. பதினொரு வீட்டிலும் இன்னும் ஒரு தட்டு அதிகம் வைக்கிறார்கள். அவள் மாவு வாங்கக் கீழே வரும்போது, அது யாருக்கு என்று கேட்பாள். வருவான் என்பார்கள். திரும்பி மேடேறும்வரை யாராவது ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். விட்டால் போய்விடுவாள்.