பேரொளிப் பள்ளம்

கவிஞருக்குப் 'பேரொளி' என்று பட்டம். கொடுத்தவர் அவரேதான், வேறு யாரும் முன்வரவில்லை.

வான் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மருமகன் ஒருநாள் சாப்பிடும்போது வாயை விட்டுவிட்டார். "புதன் கோள்ல விண்கல் மோதின பள்ளங்களுக்கெல்லாம் கவிஞர், கலைஞர் பேருதான் மாமா வைக்கறாங்க."

"நல்ல பெரிய பள்ளமாப் பாருங்க மாப்பிள்ளை. எதிர்வீட்டுக்காரன் முந்திக்கக் கூடாது."

எதிர்வீட்டுக்காரரும் கவிஞர். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம்.

"ஆனா மாமா, செத்து மூணு வருஷமாவது ஆகியிருக்கணும்."

"இவர் கவிதையைக் கேட்டு நாங்க செத்தது கணக்குல வராதா?" என்றார் மனைவி.

பேரொளி அசரவில்லை. சாவு அதுபாட்டுக்கு வரட்டும். இரங்கல் கூட்டத்தை மற்றவர்களை நம்பி விட முடியுமா? ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். நூலகக் கூடத்தில் மேடை. மேடையில் அவர் படம். முதல் வரிசையில் அவர்.

"நீ கொஞ்சம் அழணும்" என்றார் மனைவியிடம்.

"நிஜத்துக்கே யோசிக்கணும். ஒத்திகைக்கு வேறயா?"

வங்கி மேலாளர் வங்கியைப் பற்றிப் பேசினார். பல் மருத்துவர் மறைந்தவரின் பற்களைப் புகழ்ந்தார். "குரல் தழுதழுக்கட்டும்!" என்று மறைந்தவர் கீழேயிருந்து திருத்தினார்.

அப்போது எதிர்வீட்டுக் கவிஞர் மேடையேறினார்.

"அண்டம், பிரபஞ்சம்னு இவர் எழுதினது ஒண்ணும் எனக்கு ஞாபகமில்லை. கல்யாணமான புதுசுல எழுதி, புத்தகத்துல சேர்க்காம விட்டாரே, அது மட்டும் மனப்பாடம்:

ஒரே குடைக்குள் வந்தாய்,
என் பாதித் தோள் நனைந்தது."

கூடம் கைதட்டியது. "இன்னொரு தடவை!" என்று பின்னாலிருந்து கூச்சல். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா, யாருக்குத் தெரியும்?

பேரொளி துள்ளி எழுந்தார். "யோவ், கடைசி வரியை விட்டுட்டீரே!"

"செத்தவர் உட்காரும்!"

"உட்கார்ந்தா யாருய்யா சொல்றது?" மேடைக்கு ஓடினார்.

"அந்தத் தோள் இன்னும் காயவில்லை!"

கூடமே அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் அவரைக் கட்டிக்கொண்டார். பேரொளி கூட்டத்தில் இருந்த மருமகனைப் பார்த்துக் கத்தினார்:

"மாப்பிள்ளை, அந்தப் பள்ளத்தை வேற யாருக்காவது குடுத்துருங்க. எனக்கு இப்போதைக்குச் சாக நேரமில்லை!"

பிறகு இருவரும் மாறிமாறிக் கவிதை சொன்னார்கள். பேரொளி பெருந்தன்மையோடு எதிரிக்குப் பாதி மேடையை விட்டுக்கொடுத்தார். மைக்கை மட்டும் விடவில்லை.