சுருங்கிய இரும்பு

இரண்டாவது தடவையும் இரும்புப் பார் மேலே வரவில்லை.

அதைத் தோளில் சுமந்து குந்தி எழும்போது பாதி வழியில் இவெத்தா அப்படியே நின்றுபோனாள். ஒரு நொடி. இரண்டு நொடி. தொடை உதறியது. பிறகு பார் அவளைக் கீழே அழுத்த ஆரம்பித்தது. இரு பக்கமும் நின்றிருந்த ஆட்கள் பாய்ந்து பிடித்து அதைத் தாங்கியில் ஏற்றினார்கள். மூன்று நடுவர்களின் விளக்கும் சிவப்பு. கோஷிட்சே நகரப் பள்ளிக்கூட அரங்கில் உட்கார்ந்திருந்த எண்பது பேரில் யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கி, தான் மட்டும் தட்டுவது தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

முதல் தடவை இரண்டு சிவப்பு, போதிய ஆழம் இறங்கவில்லை என்று. இப்போது மூன்று. மிச்சம் ஒரே ஒரு தடவை.

அதுவும் போனால் அவ்வளவுதான். குந்தி எழும் ஸ்குவாட்டில் மூன்றும் தவறினால் அதன்பிறகு மல்லாந்து தூக்கும் பெஞ்சிலும் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்டிலும் மலையையே தூக்கினாலும் பட்டியலில் பெயருக்கு நேரே எண் வராது. நாற்பதைத் தாண்டிய பெண்களின் தேசிய அணிக்கு மூன்றிலும் சேர்த்து முந்நூற்று அறுபது கிலோ காட்ட வேண்டும். பட்டியல் இன்று மாலையோடு மூடுகிறது.

இவெத்தாவுக்கு வயது நாற்பத்தொன்று. பிரெஸ்னோ ஊர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாக ஈர விரிப்புகளைத் தூக்குகிறாள். அதற்கு முன்னால் வீட்டில், அப்பாவின் கட்டளைக்கு, நிலக்கரி தூக்கினாள். தானாக ஆசைப்பட்டுத் தூக்கியது இந்தப் பாரை மட்டும்தான், நான்கு வருஷமாக. அந்த அணியில் ஒரு இடம் வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் அவள் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டதில்லை.

மேடையிலிருந்து இறங்கியபோது பெல்ட்டைக் கழற்ற விரல் வரவில்லை. ரதோவான் கொக்கியைத் தட்டிவிட்டான்.

"ஒரு நிமிஷத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும்," என்றான். "அதே எடை போடட்டுமா?"

"குறைக்க முடியாதா?"

"ஏறத்தான் முடியும். இறங்க முடியாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். வாய் சும்மா கேட்டது. அவன் அதிகாரிகளின் மேசைக்கு ஓடி 137.5 என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

ஊரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடியில், கைவிடப்பட்ட கொதிகலன் அறையை ஜிம் ஆக்கியவன் ரதோவான். இரும்பு வார்ப்படப் பட்டறையில் இருபத்தைந்து வருஷ வேலை. ஜிம்மில் பாரில் மாட்டும் அத்தனை எடை பிளேட்டும் அவன் கையால் வார்த்தவை. இன்று அவளுக்கு உதவியாளாக வந்திருந்தான். எடை எழுதிக் கொடுப்பது, பெல்ட் இறுக்குவது, எல்லாவற்றையும்விட முக்கியமாக, பக்கவாட்டில் நின்று ஆழம் பார்த்து "மேல!" என்று கத்துவது. பாரைச் சுமந்து குந்துகிறவளுக்குத் தன் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்டதா என்று தெரியாது. கத்துகிறவனை நம்பித்தான் எழ வேண்டும்.

உடம்பைச் சூடேற்றும் அறையில் பிரெஷோவ் ஊர்க்காரி ஸ்லாவ்கா பெஞ்சில் கால் பரப்பி உட்கார்ந்து, மீன் சாலட் டப்பாவில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். இறைச்சிக்கடை வைத்திருப்பவள். இதே சுற்றில் நூற்று அறுபது தூக்குகிறவள்.

"என்னடி இவெத்தா, அங்கேயே முட்டை போட்டு அடைகாக்க உக்காந்துட்டியா?"

"வாய மூடிட்டுத் தின்னு."

"கோவம் வருதுல்ல? நல்லது. அதோட போ." ஸ்லாவ்கா ரொட்டியை விழுங்கினாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன். இதுவா உன் முதல் எடை? முதல் எடைன்னா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தூக்கணும். உனக்கு யார் எழுதிக் குடுத்தது?"

ரதோவான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். மூடி ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

இவெத்தா அதைப் பார்த்தாள்.

சுவரோரமாக அவனை இழுத்துக்கொண்டு போனாள். கதவுக்கு மேலே திரையில் வரிசை ஓடியது. அவளுக்கு முன்னால் இன்னும் ஏழு பேர்.

"போன செவ்வாக்கிழமை இதே நூத்தி முப்பத்தேழரைய ரெண்டு தடவை குந்தி எழுந்தேன். சிரிச்சுக்கிட்டே எழுந்தேன். நீ பாத்த."

"பயணம் பண்ணி வந்திருக்கோம். கார்ல மூணு மணி நேரம். இடுப்பு பிடிச்சிருக்கும்..."

"காலையில நூத்தி இருபதே கனத்துச்சு. உங்கிட்ட சொன்னேன். பதட்டம்னு சொன்ன."

"பதட்டமும்தான்."

"ரதோ."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, அடுக்கி வைத்திருந்த பிளேட்டுகளைப் பார்த்தான். சிவப்பு, நீலம், மஞ்சள். ஒவ்வொன்றும் கிராம் பிசகாமல் நிறுத்து முத்திரை இட்டவை.

"நம்ம பிளேட்டு கம்மி," என்றான்.

"எது?"

"எல்லாமே. பார் மட்டும்தான் சரியான எடை, கடையில வாங்கினது. இருபதுன்னு போட்டிருக்கறது பதினெட்டே முக்கால். மத்ததும் அதே கணக்குல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு காது இரைய ஆரம்பித்தது.

"பழைய பிளேட்டு ஒண்ண மண்ணுல பதிச்சுத்தான் அச்சு எடுத்தேன்," அவன் வேகமாகச் சொன்னான், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்பதுபோல. "இரும்பு ஆறும்போது சுருங்கும். அச்ச கொஞ்சம் பெருசா வைக்கணும். பட்டறையில புதுசா வர்ற பொடியனுக்கே முதல் நாள் சொல்ற பாடம். நான் மறந்துட்டேன். அப்புறம் முகம் வழவழன்னு வரட்டும்னு கடைசல் வேற போட்டேன். அதுல இன்னும் போச்சு."

"எப்ப தெரியும் உனக்கு?"

"போன வருஷம். பழைய இரும்புக்காரன் தராசுல ஒண்ணு வச்சுப் பாத்தேன்."

"போன வருஷம்."

"எப்படிச் சொல்றது இவெத்தா? இருபத்தஞ்சு வருஷம் வார்ப்படத்துல இருந்தவன்... பட்டறையில தெரிஞ்சா என்னை வச்சு ஒரு தலைமுறைக்குச் சிரிப்பானுங்க. ஜிம்முல பன்னெண்டு பேரும் சந்தோஷமா இருந்தீங்க. நம்பர் ஏறிக்கிட்டே இருந்துச்சு."

அவனை அறையலாம் என்று தோன்றியது. கையில் பிடி வழுக்காமல் தடவிய சாக்பொடி இருந்தது. கன்னத்தில் வெள்ளையாக ஐந்து விரலும் பதியும். நான்கு வருஷம். சலவைக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்த எண்கள். கதவுக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வைத்த தேதிகள். எதுவும் அந்த எடை இல்லை.

"சுத்து தொடங்கறதுக்கு மூணு நிமிஷம் முன்னாடி வரைக்கும் முதல் எடைய மாத்தலாம். நூத்தி இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கலாம் நீ."

"எழுதினா ஏன்னு கேட்டிருப்ப."

"கேட்டிருப்பேன்."

"அதான்."

வெளியே அரங்கம் ஆரவாரித்தது. திரையில் ஒரு பெயர் கீழே இறங்கியது. இன்னும் ஐந்து பேர்.

இவெத்தா சுவரில் முதுகைச் சாய்த்தாள். ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்து கொள்ளலாம். பெயரை விலக்கிக்கொண்டு இடுப்பு வலி என்று சொல்லிவிடலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அடுத்த வருஷம் இருக்கிறது. அடுத்த வருஷம் நாற்பத்திரண்டு.

"மார்ச் மாசம்," என்றாள் மெதுவாக. "நூத்தி நாப்பத்தஞ்சு எழுந்தேனே. அது எவ்வளவு?"

ரதோவான் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான்.

"நூத்தி முப்பத்தேழு. கால் கிலோ மேல கீழ இருக்கும்."

"அப்ப இதத் தூக்கியிருக்கேன்."

"ஒரு தடவை."

"ஒரு தடவை," என்றாள்.

அந்த நாள் உடம்பில் இருந்தது. அன்று அவள் சிரிக்கவில்லை. காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கி, உடம்பை உசுப்பும் அம்மோனியா புட்டியைக் கண்ணில் நீர் வரும்வரை முகர்ந்து, பாருக்கு அடியில் போனபோதே அது தன்னைக் கொல்லப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போனாள். அதனால்தான் எழுந்தாள். இன்று இரண்டு தடவையும் சின்ன எடையை எடுக்கிறவள்போலப் போய், தோளில் இறங்கியதும் திடுக்கிட்டுப்போனாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது.

"முதல் தடவை, நீ சீக்கிரமே கத்திட்ட."

அவன் பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"ஆழம் வரல. நீ 'மேல'ன்ன. நான் எழுந்தேன். சிவப்பு விழுந்துச்சு."

"பயந்துட்டேன்," என்றான். "இன்னும் நாலு விரக்கடை இறங்கினா நீ எழமாட்டேன்னு தெரியும். வாய் தானா கத்திடுச்சு."

இன்றைக்கு ரதோவான் சொன்னதிலேயே அவளுக்கு அதிகம் சுட்டது அதுதான். இரும்பு கம்மி என்பதுகூடப் பரவாயில்லை.

பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு துளை கூடுதலாக இறுக்கினாள். மூச்சு மேலேயே நின்றது.

"இந்தத் தடவை நீ கத்தக் கூடாது."

"ஆழம் எப்படித் தெரியும் உனக்கு?"

"தெரியாது. நீ வாயத் தொறந்தீன்னா, கேட்டுக்கோ, நான் பாரோட உன் மேல விழுவேன்."

"இவெத்தா, அது மடத்தனம்..."

"புட்டியக் குடு."

முகர்ந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஸ்லாவ்கா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கடிகாரம் அறுபதிலிருந்து இறங்கத் தொடங்கியது.

பாருக்கு அடியில் தோளைச் செருகினாள். முதுகுச் சதையில் இரும்பின் சொரசொரப்பு பதிந்தது. இது சின்ன எடை இல்லை, என் உயிர் எடை, என்று சொல்லிக்கொண்டாள். தாங்கியிலிருந்து எடுத்தாள். பின்னால் ஒரு அடி, இன்னொரு அடி. பார் இருபுறமும் லேசாக ஆடி அடங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த நடுவர் கையைக் கீழே இறக்கினார்.

"ஸ்குவாட்!"

இறங்கினாள்.

பழக்கப்பட்ட இடம் வந்ததும் காது தானாகவே குரலுக்குக் காத்திருந்தது. குரல் வரவில்லை. இடது பக்கம் கண்ணோரத்தில் ரதோவானின் நீலச் சட்டை அசையாமல் நின்றது. அவள் இன்னும் இறங்கினாள். தொடைக்குள் ஏதோ இழுபட்டது. போதுமா? தெரியவில்லை. இன்னும். வயிறு தொடையில் முட்டியது, பெல்ட் விலாவைக் கடித்தது. இதற்குக் கீழே போக இடமில்லை என்று உடம்பு சொன்ன பிறகும் ஒரு விரற்கடை போனாள். பிறகு தரையை உதைத்தாள்.

பார் கிளம்பியது. பாதி வழியில், இரண்டாவது தடவை செத்த அதே இடத்தில், நின்றது.

இந்த முறை திடுக்கிடவில்லை. இங்கே நிற்கும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். மார்ச்சிலும் நின்றது. பக்கத்து ஆட்களின் கைகள் பாருக்குக் கீழே நெருங்கின. ஒரு விரல் பட்டால்கூடச் செல்லாது. "தொடாதீங்கடா!" என்று சூடேற்றும் அறை வாசலிலிருந்து ஸ்லாவ்காவின் குரல் வெடித்தது. இவெத்தாவின் தொண்டையிலிருந்து அவளே கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. முழங்கால் உள்ளே மடங்கப் பார்த்தது, வெளியே தள்ளினாள். ஒரு விரற்கடை. இன்னொன்று. பிறகு சட்டென்று எடை விட்டுக்கொடுத்தது, அவள் நிமிர்ந்து நின்றாள்.

நடுவர் உடனே சொல்லவில்லை. முழங்கால் நேராகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரேக்!"

பார் தாங்கியில் மோதியது. அவள் திரும்பி விளக்குகளைப் பார்த்தாள்.

வெள்ளை. சிவப்பு. வெள்ளை.

இரண்டு போதும்.

மேடைக்குக் கீழே ரதோவான் கையை விரித்து நின்றான். அவள் அவனைத் தாண்டி நேராக மேசைக்குப் போனாள். பெஞ்சின் முதல் எடைச் சீட்டைக் கேட்டு வாங்கினாள். ரதோவான் எழுபத்தைந்து என்று கொடுத்திருந்தான். அதை அடித்துவிட்டு அறுபத்தைந்து என்று எழுதினாள். அவசரத்தில் ஆறு பூஜ்யம்போல விழுந்தது, திருத்தி எழுதினாள்.

"கொஞ்சம் கம்மியா இருக்கே," என்றான் அவன், பின்னாலிருந்து.

"உன்னை யாரும் கேக்கல."

பெஞ்சில் எழுபத்திரண்டரை வந்தது. டெட்லிஃப்டில் நூற்று நாற்பது வந்தது, நூற்று ஐம்பது முதல் தடவை தொடையோடு உரசி நின்றுபோனது. கடைசித் தடவை அதே நூற்று ஐம்பது. அதற்குக் குறைந்த எந்த எண்ணும் முந்நூற்று அறுபதுக்குப் போதாது. உள்ளங்கைத் தோல் கிழிந்து பாரில் ஒட்டிக்கொண்டது. எழுந்தது. மூன்று வெள்ளை.

"சரியா முந்நூத்தி அறுபதா?" என்றாள் ஸ்லாவ்கா, பட்டியலை விரலால் தடவி. "ஒரு கிலோகூட மிச்சம் வைக்கலியேடி. இறைச்சிக் கடையில நான் இப்படி நிறுத்தா எல்லாரும் அடிக்க வருவாங்க."

வாகன நிறுத்தத்தில் ரதோவான் கார்க் கதவைத் திறந்துவைத்து நின்றான். இவெத்தா பின் இருக்கையிலிருந்து தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் ரயில்ல போறேன்."

"ரெண்டு வண்டி மாறணும். கை வேற கிழிஞ்சிருக்கு. ஏறு."

"மத்த பதினோரு பேர்கிட்டயும் நீயே சொல்லு. ஒரு பிளேட்ட தராசுல வச்சுக் காமிச்சுச் சொல்லு. செவ்வாக்கிழமைக்குள்ள."

"சிரிப்பாங்க இவெத்தா."

"சிரிக்கட்டும். இல்லேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை எவ்வளவு நம்பலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை தெரிந்துவிடும். கிழிந்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். ஒவ்வொரு படியிறக்கத்திலும் தொடை வலித்தது.