ஏழாவது வரி

மணி அடித்ததுதான் தாமதம், முப்பத்திரண்டு பேரும் நூலக வாசிப்பறையின் நாலா பக்கமும் பறந்தார்கள். ஒருவன் நாற்காலியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினான். "ஓடாதீங்கப்பா!" என்று நூலகர் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பச்சைப்பேனா மேடத்துக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளைகள். அடுத்தவர் எழுத்தைத் திருடாதே என்று புத்தி சொன்னால் கொட்டாவிதான் விடுவார்கள். அதனால் மேடமே உட்கார்ந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதி, அதற்குள் ஆறு திருட்டு வாக்கியங்களைச் செருகி வைத்திருந்தார். எது திருட்டு, எங்கிருந்து எடுத்தது என்று நாற்பது நிமிடத்துக்குள் புத்தகமும் கையுமாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

வகுப்பு தொடங்கியதும் மேடம் தன் பழைய குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டியிருந்தார். "பாத்து எழுதினா நீலம். நானா யோசிச்சா பச்சை. இருபது வருஷமா இதுல ஒரு தடவைகூட தப்பினதில்ல." கொஞ்சம் பீற்றல்தான். அதற்குக் கூலியாகப் பத்து நிமிடத்துக்குள் பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

கடைசி வரிசையில் துறைத்தலைவர் அம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு படிவத்துடன். இந்த வகுப்பை முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருடம் முழுக்க வைப்பதா, இன்றோடு மூட்டை கட்டுவதா என்று அவர்தான் முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடம் நடையாய் நடந்து வாங்கிய ஒரு மணி நேரம் இது. காலையில் கணவர் எவ்வளவோ கெஞ்சியும் மேடத்துக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இருபத்தைந்து நிமிடத்தில் ஆறு திருட்டும் பிடிபட்டுவிட்டன. கைதட்டலில் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. துறைத்தலைவரே சிரித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வாயைத் திறந்தாலே கேள்வி என்பதால் அவளுக்கு முதல் நாளே 'சந்தேகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"மேடம், ஏழாவது!"

"ஆறுதாம்மா வச்சேன். போய் உக்காரு."

"இல்ல மேடம், ஏழு. உங்க கட்டுரையோட கடைசி வரி."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், ஏனென்றால் அந்தக் கடைசி வரி அவருடைய செல்லப்பிள்ளை. 'எனக்குத் தெரியாதவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.' துறைக் கையேட்டின் அட்டையில் ஆறு வருடமாக அவர் பெயரோடு அச்சாகி வரும் வரி. வீட்டில் சட்டை காணாமல் போனால்கூட கணவர் அந்த வரியைச் சொல்லித்தான் கிண்டலடிப்பார்.

சந்தேகம் அசரவில்லை. "கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பசங்க புடிச்சிட்டாங்க மேடம். அதான் பழைய ஆய்வேடு அடுக்குக்குப் போனேன்." பழுப்பேறிய ஒரு தட்டச்சுப் பிரதியை மேசையில் விரித்தாள். முன்னுரையின் கடைசி வரி. எழுத்துக்கு எழுத்து அதே வரி.

அறை இரண்டுபட்டது. "டேய், மேடமே மாட்டிக்கிட்டாங்கடா!" என்று ஒருவன் மேசையைத் தட்ட, இன்னொருவன் விசிலடித்தான்.

"யாரோட ஆய்வேடும்மா அது?" என்றார் மேடம்.

சந்தேகம் அட்டையைத் திருப்பினாள். படிக்க வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

துறைத்தலைவர் எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அட, இது என்னோட ஆய்வேடாச்சே! இருபத்தாறு வருஷம் ஆச்சு. நானே சுத்தமா மறந்துட்டேன்." வாய்விட்டுச் சிரித்தார். "கையேட்டுல இந்த வரியப் பாக்குறப்பெல்லாம், இவங்க நம்மள மாதிரியே யோசிக்கிறாங்களேன்னு தோணும். அந்த நம்பிக்கையிலதான் இந்த வகுப்பையே உங்களுக்குக் கொடுத்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேருக்கு ஒண்ணு போல தோணியிருக்கும். அப்படித்தானே?"

தப்பிக்க வழி தயாராக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், படிவத்தில் கையெழுத்து விழுந்துவிடும். மேடம் குறிப்பேட்டைப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்தது. மேலே நீலத்தில் ஒரு நூலக அடுக்கு எண். அதற்குக் கீழே இரண்டு வரி நீலம். மூன்றாவது வரியில் நீலம் வெளிறி, ஒரு சொல்லின் பாதியில் செத்துப்போயிருந்தது. மீதிச் சொல்லும் அதற்கடுத்த அந்த வரியும் பச்சை.

நீலப்பேனாவில் மை தீர்ந்த நாள். கைக்குக் கிடைத்த பேனாவால் பார்த்து எழுதி முடித்துவிட்டு, அப்புறம் அந்த நிறத்தையே நம்பிவிட்டிருக்கிறார். வாழ்க்கையில் தானாக எழுதிய ஒரே நல்ல வரி என்று அவர் நினைத்திருந்தது இதைத்தான்.

குறிப்பேட்டைச் சந்தேகத்திடம் நீட்டினார். "மேல இருக்கிற நம்பரைப் படி. எல்லாருக்கும் கேக்கணும்."

அவள் படித்தாள். ஆய்வேட்டின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டிலும் அதே எண். விசிலடித்தவன் வாயிலிருந்து கையை இறக்கிவிட்டான்.

"திருடணும்னு நெனச்சு திருடல. ஆனா இது திருட்டுதான்," என்றார் மேடம். கரும்பலகைக்குப் போய் அந்த வரியை மேற்கோள் குறிக்குள் எழுதி, அடியில் துறைத்தலைவரின் பெயரையும் ஆண்டையும் எழுதினார். "கையேட்டுல என் பேரை எடுத்துடுங்க மேடம். நீங்க கையெழுத்துப் போடலைன்னாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

துறைத்தலைவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கை உயர்ந்தது.

"மேடம், ஒரு சந்தேகம்," என்று துறைத்தலைவரைப் பார்த்துக் கேட்டாள் அவள். "இந்த ஆய்வேட்டுலயும் தேடலாமா?"

துறைத்தலைவருக்கு முகம் ஒரு கணம் வெளுத்தது. பழுப்புப் பிரதியை எடுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பக்கங்களைப் புரட்டினார். இதை எழுதிய அன்று அவரிடம் எந்தப் பேனா தீர்ந்ததோ, யாருக்குத் தெரியும்?

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஒம்பது நிமிஷம் மேடம்."

"பத்தாது," என்றார். படிவத்தை மேசையில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். "வருஷம் பூரா வச்சுக்குங்க. என்னோடதுலேருந்தே ஆரம்பிங்க."

அறையே எழுந்து புத்தக அடுக்குகளை நோக்கிப் பறந்தது. "ஓடாதீங்க!" என்று நூலகர் மறுபடி கத்தினார். முன்னால் ஓடிக்கொண்டிருந்தது பச்சைப்பேனா மேடம்தான்.