மரைக்கார் விதித்த இத்தா

மடவளைவாழ் பெரியோரும் சிறியோரும், கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் கடை வைத்திருக்கும் கனவான்களும் அறியவேண்டிய பேருண்மை ஒன்று உண்டு: பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் செய்யது மீரா அவர்கள் இன்று துக்கத்தில் இருக்கிறார்கள். அவருடைய தம்பி இஸ்மாயில் விடியற்காலையில் மவுத்தாகிவிட்டான் என்பதும் ஒரு செய்திதான். ஆனால் வாசலில் நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் மரைக்கார் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டால், அது இரண்டாவது செய்தி என்றே தோன்றும்.

உள்ளறையில், அடுத்த வீட்டிலிருந்து வந்த கஞ்சியைச் சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த இஸ்மாயிலின் மனைவி உம்மு குல்சுமுக்கு அது ஒன்றுதான் செய்தி. பின்பக்கத்தில் அவள் புருஷனைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வாளி ஊற்றும்போதும் சின்னவன் கஞ்சியை மறந்து சுவரைப் பார்த்தான்.

"தண்ணி" என்றான்.

"ஓ, தண்ணிதான். ஆ காட்டு."

இஸ்மாயில் பொட்டணி வியாபாரி. துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் லயன் லயனாக ஏறி இறங்கியவன். போன மாதம் மூட்டையைப் பாதி விற்காமல் திரும்பி வந்தான். காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த வருஷம் காய்ச்சல் நுழையாத வீடு இல்லை. அவன் விற்ற பிள்ளைச் சட்டைகளையெல்லாம் தைத்தவள் உம்மு குல்சும். கால் மெஷினை மிதிக்கும். இடக்கை சின்னவன் தூங்கும் ஏணைக் கயிற்றை இழுக்கும். வாய் நடுப்பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும். கண் மட்டும் மூத்தவன் கொய்யா மரத்தில் எந்தக் கிளையில் இருக்கிறான் என்று பார்க்கும். இத்தனைக்கும் நடுவில் அடுப்பில் சோறு குழைந்ததில்லை. ஊரில் இதை யாரும் ஒரு வேலையாகக் கணக்கெடுத்ததும் இல்லை.

காலையில், கிடத்தியிருந்த தம்பியின் மையத்தின் தலைமாட்டில் நின்றபடியே மரைக்கார் பிள்ளைகளைப் பங்கிட்டு முடித்திருந்தார். மூத்தவன் பளீல் தன்னுடைய கடைக்கு. அங்கே நின்ற பையன் சம்பளம் கேட்கிற வயதுக்கு வந்துவிட்டான். நடுப்பிள்ளை நளீர் அக்குறணையில் தங்கச்சி வீட்டுக்கு. சின்னவன் பால் மறந்ததும், பிள்ளையில்லாத யாராவது ஒரு புண்ணியவானுக்கு. துணிக்கடைக்காரர் அல்லவா, கை அளந்து கிழித்துவிட்டது.

அதை உள்ளே கொண்டுவந்து சொன்னவள் அடுத்த வீட்டுச் சித்தி றலியா. "ஒனக்குப் பாரம் கொறையுமாம், புள்ள. மரைக்கார் சொல்றாங்க."

"என்ட இடுப்புப் போய் அவருட்டப் பாரமெண்டு சொல்லிச்சா?" என்று கேட்டாள் உம்மு குல்சும். றலியா சாம்பிராணிச் சட்டியை ஊதப் போய்விட்டாள்.

லுஹர் தொழுகைக்கு முன்பு சந்தூக்கு வெளியேறியது. பெண்கள் வீட்டில் நின்றுவிட, ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். உம்மு குல்சும் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். வெள்ளைப் போர்வை மூடிய பெட்டி வேலி திரும்பி மறைந்தது. அதற்குப் பின்னால் பளீல் போனான். அவன் மணிக்கட்டை மரைக்கார் பிடித்திருந்தார். ஆறுதலுக்குப் பிடிப்பவர்கள் விரல்களைக் கோத்துக்கொள்வார்கள். இது கிடாயை வாங்கிக்கொண்டு போகிறவர் பிடிக்கிற பிடி.

அடக்கிவிட்டுத் திரும்பி வந்ததும் கூட்டம் விறாந்தையில் உட்கார்ந்தது. தொழுகை நடத்திய லெப்பைக்குக் கதிரை போட்டு, அடுத்த வீட்டில் காய்ச்சிய இஞ்சிக் கோப்பி கொடுத்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே காலையில் றலியா ஒரு திரை கட்டியிருந்தாள். ரோசாப்பூப் போட்ட சீத்தைத் துணி. இஸ்மாயில் விற்காமல் கொண்டுவந்த மூட்டையில் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் துருக்கித் தொப்பியின் குஞ்சம் ஆடியது. மரைக்கார் பேச எழுந்துவிட்டார் என்று தெரிந்தது. அவருடைய ஒரு கை இன்னும் பளீலின் தோளில்தான் இருந்தது.

புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இத்தா இருப்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் ஊரறிந்ததையும் தான் ஒருமுறை அறிவித்தால்தான் அது செல்லுபடியாகும் என்பது மரைக்காரின் கொள்கை.

"என்ட தம்பி பொஞ்சாதி இருக்கிற இத்தாவ இந்த ஊரு கண்டிருக்கப்படாது" என்று தொடங்கினார். "இந்த ஊட்டு நெலப்படிய ஒரு அந்நிய ஆம்புள தாண்டப்படாது. நெழலும் உள்ள விழப்படாது. அந்தச் சேவலையும் புடிச்சி அடுத்த ஊட்டுல கட்டுங்க."

"சேவலுக்கு அவசியமில்ல, மரைக்கார்" என்றார் லெப்பை மெதுவாக.

"இருந்தாலும்" என்றார் மரைக்கார்.

கூட்டம் மாஷா அல்லாஹ் என்றது. மரைக்கார் தொண்டையைச் செருமி, அடுத்ததாகப் பிள்ளைகள் விஷயத்துக்கு வாயெடுத்தார். அப்போது சீத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரவெல்லாம் யாசீன் ஓதி அடைத்துப்போன குரல்.

"லெப்பை, ஒரு மசலா கேக்கணும்."

மார்க்கச் சந்தேகம் என்றதும் லெப்பை கோப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கேளுங்க மகள்."

"புருஷன்ட நானா எனக்கு அந்நியமா?"

லெப்பை தாடியைத் தடவினார். புருஷனின் அண்ணனான மரைக்காரைப் பார்த்தார். பிறகு, ஓதிய பாவத்துக்காக, உள்ளதைச் சொன்னார். "அந்நியந்தான்."

"அப்ப மச்சானும் இந்த நெலப்படியத் தாண்டப்படாது."

"படாது."

"நானும் வெளிய போகப்படாது."

"படாது மகள்."

"அப்ப கெணத்துத் தண்ணி, வெறகு, அரிசி?"

லெப்பை சிரித்தே விட்டார். இவ்வளவு சுலபமான கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "மூணு ஆம்புளப்புள்ளயள அல்லாஹ் தந்திருக்கான். உம்மாக்கு வேற ஆர் வேணும்?"

"ஒருத்தன் போதுமே" என்றார் மரைக்கார் அவசரமாக.

"ஒருத்தன் தண்ணிக்கிப் போவான். ஒருத்தன் கடைக்கிப் போவான். அந்த நேரம் வாசல்ல காவலுக்கு ஆர்? நெழலும் விழப்படாதெண்டு மச்சான்தானே சொன்னாங்க. அவங்க சொல்லுக்கு ஒரு கொறை வரப்படாது. அதுக்குத்தான் சின்னவன வச்சீக்கிறேன்."

காவலாளி அந்த நேரம் உம்மாவின் மடியில் உட்கார்ந்து பெருவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

மையத்து வீட்டில் சிரிப்பது முறையல்ல. ஆகவே விறாந்தையில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. லெப்பை மறுபடியும் கோப்பியை எடுத்துக்கொண்டார். மரைக்கார் தான் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக உள்ளுக்குள் புரட்டி, பின்வாங்க ஓர் ஓட்டையைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை, அவ்வளவு கெட்டியாகச் சொல்லியிருந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருக்கலாம். திரைக்கு இந்தப் பக்கத்தில் உம்மு குல்சுமின் கண் மெஷினிலும் மூலையில் கிடந்த பாதி மூட்டையிலும் இருந்தது. அவள் அந்த நாலு மாதத்தைக் காலையிலேயே வெட்டித் தைக்கத் தொடங்கிவிட்டாள்.

மரைக்காரின் கை தோளைவிட்டு இறங்கியது. பளீல் திரையைத் தூக்காமல், அடியில் குனிந்து உள்ளே வந்தான். நகங்களில் வாப்பாவின் கபுருக்குழி மண் இருந்தது. உம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் அவன் கையை எடுத்து மண்ணைத் தட்டப் போனாள். பிறகு தட்டாமல் விட்டுவிட்டாள்.

அஸருக்குப் பிறகு தூறல் போட்டது. கூட்டம் கலைந்தது. மரைக்கார் மட்டும் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். ஏன் என்று பார்த்துவர றலியா போனாள். மரைக்காரின் குடை காலையிலிருந்து உள்ளறை மூலையில் இருந்தது. அதை எடுக்க அவரால் நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை.

"குடுத்திட்டு ஒடனே வா" என்றாள் உம்மு குல்சும். பளீல் குடையோடு ஓடினான். அவள் மறுபடியும் ஜன்னல் இடுக்குக்குப் போனாள். அவன் கொடுத்தான். மரைக்கார் குனிந்து, கடைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. திரும்பி ஓடி வந்தான்.

மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்கு மரைக்கார் வீட்டிலிருந்து பெரிய சஹனில் சோறு வந்தது. தன் பெருந்தன்மையை ஊர் பார்க்கவேண்டும் என்று தெருவழியாகச் சுற்றி அனுப்பியிருந்தார். மூன்று பிள்ளைகளும் உம்மாவும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுவர்ப் பக்கம், வாப்பா உட்காருகிற இடத்தில், யாரும் உட்காரவில்லை. உட்கார வேண்டாமென்று யாரும் சொல்லவுமில்லை. அடுத்த வீட்டில் கட்டியிருந்த சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவியது. உம்மு குல்சும் பிஸ்மி சொல்லி, முதல் பிடியைச் சின்னவனுக்கு ஊட்டி, அடுத்த பிடியைத் தன் வாயில் போட்டாள்.

சோற்றில் உப்பில்லை.